பிள்ளைக்காம்பராவில் அழுதது யார்?

ஊவா மலைத் தோட்டங்களின் பயக்கதைகளும், அவற்றை எழுதிய கைகளும்

மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் நமுனுகுல மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிடும். பதுளை நகரத்துக் கடைகளில் விளக்குகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். ஆனால் நகரத்தைத் தாண்டி நாலு மைல் மேலே ஏறினால் எதிரே வருபவர் முகம் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கும்.

எங்கள் வாப்பாவின் கடை அப்படியொரு தேயிலைத் தோட்டத்தின் அடிவாரத்தில் இருந்தது. தோட்டத்து மக்கள் அதை 'நானா கடை' என்பார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கி வரும் பெண்கள் மண்ணெண்ணெய், கருவாடு, வெற்றிலை வாங்கிக்கொண்டு, மழை விடும்வரை எங்கள் திண்ணையில் ஒதுங்கி நிற்பார்கள். மர்ஹூமா உம்மம்மா உள்ளேயிருந்து தேத்தண்ணி ஊற்றி அனுப்புவார். பிறகு தானும் வந்து கதவோரம் உட்கார்ந்துகொள்வார். குப்பி விளக்கு ஒன்று நடுவில் எரியும். அந்த விளக்கைச் சுற்றித்தான் நான் முதன்முதலாகப் பேய்க்கதைகளைக் கேட்டேன்.

அவற்றில் ஒன்றை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மேல் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று இருந்ததாம். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறைக்குத்தான் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று பெயர். புதிய கட்டிடம் வந்ததும் பழையதைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் அடைமழை நாட்களில் பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுமாம். அப்போது கூடை சுமந்த ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாளாம். கூடையில் கொழுந்து இருக்காது. தொட்டில் துணி ஒன்று மட்டும் மடித்து வைத்திருக்குமாம். வழியில் போகிறவர்களைப் பார்த்து, "எத்தனை மணி ஆச்சு?" என்று கேட்பாளாம். பதில் சொன்னவர் வீட்டில் மூன்று நாள் காய்ச்சல்!

இரவில் எத்தனை மணி என்று யாராவது கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்கிய காலம் அது.

பேய் பொய்யோ மெய்யோ...

பல ஆண்டுகளுக்குப் பிறகு, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பின்னர், அதே திண்ணையில் அமர்ந்து ஒரு வயதான கொழுந்துக்காரியிடம் கேட்டேன்: "அந்தக் கதை உண்மைதானா அம்மா?"

அவர் வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "பேய் இருந்திச்சோ இல்லையோ, எனக்குத் தெரியாது. புள்ள செத்தது நெசம்."

அந்தத் தாயின் குழந்தைக்குக் காலையிலேயே காய்ச்சல். பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் வந்து சொல்லியிருக்கிறது. இவள் மலையைவிட்டு இறங்கப் போனாள். இப்போது இறங்கினால் அரைப்பேர்தான் என்றிருக்கிறார்கள். வீட்டில் அரிசி இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கொழுந்து நிறுக்கும்வரை நின்றுவிட்டாள். அடிக்கடி பக்கத்து நிரையில் நின்றவளிடம் "எத்தனை மணி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். மாலையில் வந்து பார்த்தபோது குழந்தை குளிர்ந்துபோய்க் கிடந்தது.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "அவ பேர் என்ன?" என்று கேட்டேன்.

"பேரா? செக்ரோல்ல இருந்திருக்கும். இப்ப யாருக்கு ஞாபகம்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சகோதரிகளே! தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. முழு நாள் வேலை செய்தால் முழுப்பேர். நேரத்துக்கு முன் இறங்கினாலோ, குறித்த அளவு கொழுந்து இல்லையென்றாலோ அரைப்பேர். அந்தத் தாய் முழுப்பேருக்காகக் குழந்தையை இழந்தாள். ஆனால் அவளுடைய சொந்தப் பேர் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பேய் என்ற பேர்தான் மிஞ்சியது!

அன்று எனக்கு ஒன்று விளங்கியது. பேய்க்கதை என்று நாம் சிரித்து ஒதுக்குகிற பலவும், யாரும் எழுதி வைக்காமல் விட்ட துயரங்கள். எழுதப்படாத துயரம்தான் இரவில் அழுகிறது.

அன்றிரவே பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு காரணம்

தோட்டங்களில் கேட்ட கதைகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியபோது, ஒவ்வொரு பயத்தின் அடியிலும் ஒரு காரணம் இருப்பது தெரிந்தது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் 'ரோதைமுனி' என்று ஒரு காவல் தெய்வத்தைத் தொழிலாளர் வணங்குவார்கள். ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவின் எந்தக் கிராமத்திலும் இந்தத் தெய்வம் இல்லை. இயந்திரச் சக்கரத்தைக் கண்டு அஞ்சிய மக்கள் இங்கே வந்துதான் அதைக் கண்டார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் 'கவ்வாத்துசாமி'. கூரிய கத்தியோடு சரிவில் நிற்பவனுக்குப் பயம் இல்லாமலா இருக்கும்? இவை நம்முடைய நம்பிக்கைகள் அல்ல. ஆனால் சக்கரமும் கத்தியும் எத்தனை கைகளைத் தின்றிருந்தால் இப்படியொரு வேண்டுதல் பிறந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம் அல்லவா?

ஆளில்லாத லயங்களைப் பற்றிய கதைகளும் அப்படித்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் பேசி முடித்தார்கள். எண்ணிக்கையைப் பிரித்தவர்கள் குடும்பங்களைப் பிரிக்கிறோம் என்று யோசித்தார்களா? மகள் இங்கே, தாய் அங்கே! பதுளை இரயில் நிலையத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுத காட்சியை எங்கள் உம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டிய காம்பராவில் இரவு பேச்சுக்குரல் கேட்கிறது என்று பின்னால் சிலர் சொன்னால், அதைச் சொல்ல வைத்தது அந்தப் பிரிவுதான்.

அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கே இரவில் ஓலம் கேட்கிறது என்று கதை கட்டுவது எவருக்கும் எளிது. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும், மாற்றிடம் கிடைக்காமல் மக்கள் அங்கேயே இருந்தார்கள் என்பதையும் கதை சொல்ல வேண்டாமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டு போயின.

காரணத்தை மறைக்கிற பேய்க்கதை ஒரு வகை. காரணத்தை மறக்க விடாத பேய்க்கதை இன்னொரு வகை. எழுதினால் இரண்டாவது வகையைத்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"பேய்க்கதை எழுதுவது தகுமா?"

கொப்பியில் எழுதிய முதல் கதையை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். மாமி ஒருவர் முகம் சுளித்தார். "நம்ம வீட்டுப் பொம்பிளைக்கு இதெல்லாம் தேவையா? ஐந்து நேரம் தொழுது, ஆயத்துல் குர்ஸி ஓதித் தூங்குற வீட்டில பேயைக் கூப்பிடுறியே!" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஜின் என்ற படைப்பு உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. திருக்குர்ஆனின் 72ஆவது அத்தியாயத்தின் பெயரே ஸூரத்துல் ஜின். ஆனால் இறந்தவர் பேயாக அலைகிறார் என்பது நம் கொள்கையல்ல. அஞ்ச வேண்டியது அல்லாஹ் ஒருவனுக்கே. பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் எழுத்து உதவிவிடக் கூடாது.

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு கதையில் ஒரு திருத்தம் செய்தேன். பேய் வந்தது என்று நான் சொல்லவில்லை. அழுகை கேட்டது என்று மக்கள் சொன்னார்கள், அந்த அழுகைக்குக் காரணம் இது என்று எழுதினேன். திரும்ப வாசித்தபோது மாமி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் கொத்தமல்லித் தண்ணியாவது குடுத்திருக்கலாமே..." என்றார்.

அவரே எனக்கு முதல் வாசகி.

அதன்பின் கதையைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, பேய்க்கதைகளுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. தமிழுக்கு இது புதிதல்லவே! புதுமைப்பித்தன் 1943இலேயே 'காஞ்சனை' என்ற திகில் கதையை எழுதிவிட்டார். இன்றும் அதை வாசித்துவிட்டு விளக்கை அணைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. நம் சமுதாயத்திலும் விந்தைக் கதை சொன்னவர் இருந்தார். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 1882இல், 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையையும் அவர் தொடங்கிவிட்டார். பிறர் இடம் கொடுக்கட்டும் என்று காத்திருந்தவர் அல்லர் அவர்.

தோட்டத்தின் பெயரைச் சூடியவர்

திரும்பி வந்த கதையோடு மனம் சோர்ந்திருந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது எங்கள் மண்ணைச் சேர்ந்த ஒரு பெரியவரின் வாழ்க்கை. அவர்தான் தெளிவத்தை ஜோசப்.

1934 பெப்ரவரி 16ஆம் தேதி பதுளை மாவட்டத்து ஹாலிஎல பகுதித் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதுளையிலும் தமிழகத்தின் கும்பகோணத்திலும் படித்தவர். தெளிவத்தை என்பது பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றின் பெயர். அங்கே ஆசிரியராக இருந்த அவர், அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். படித்து முன்னேறியவர்கள் 'தோட்டத்தான்' என்ற அடையாளத்தை மறைக்கப் பாடுபட்ட காலத்தில், அதை எல்லோரும் காணும்படி நெற்றியில் எழுதிக்கொண்டவர் அவர்!

அவர் பேய்க்கதை எழுத்தாளர் அல்லர். ஆனால் பேயே இல்லாமல் நடுங்க வைக்கத் தெரிந்தவர். 'மீன்கள்' என்ற அவருடைய சிறுகதையை வாசித்தவர்கள் அறிவார்கள். வயது வந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பமே ஒற்றைக் காம்பராவில் படுத்துறங்க வேண்டிய அவலம், இருட்டில் ஒரு தகப்பனை எந்த வெட்கக்கேட்டின் விளிம்புவரை கொண்டு நிறுத்துகிறது என்பதே கதை. அதில் ஆவியும் இல்லை, மாயமும் இல்லை. ஆனாலும் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருடைய இன்னொரு சிறுகதையின் தலைப்பு 'பாட்டி சொன்ன கதை'. எங்கள் திண்ணையை நினைத்துக்கொண்டேன்.

'காலங்கள் சாவதில்லை' என்ற அவருடைய நாவல் 1974இல் வந்தது. 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி 1979இல். பிறகு தோட்டத்தை விட்டுக் கொழும்புப் பக்கம் போய், கணக்கு எழுதும் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். எழுத்து சோறு போடவில்லை. வேலை சோறு போட்டது. 1983 ஜூலையில் பதுளை நகரத்திலும் தமிழர் கடைகள் எரிந்தன. அந்தக் காலங்களின் அச்சம் 2010இல் வெளிவந்த 'குடை நிழல்' நாவலில் இருக்கிறது. நள்ளிரவில் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்ற பயத்தைவிடப் பெரிய திகில் எந்தக் கதையில் உண்டு?

2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 79. 2022 அக்டோபர் 21ஆம் தேதி காலமானார்.

தனியாக எழுதலாம், தனியாக நிற்க முடியாது

அவருடைய வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால் ஒன்று புரியும். எழுதியது அவர் கைதான்; ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது.

அறுபதுகளில் வீரகேசரி நாளிதழில் எஸ்.எம். கார்மேகம் என்ற பத்திரிகையாளர் தோட்டத்து எழுத்துக்குப் பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார். மலையகச் சிறுகதைப் போட்டிகள் நடந்தன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற நூலாயின. எழுதியவர்களில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பலர், எழுதுவினைஞர்கள் சிலர். 'நாமிருக்கும் நாடே' தொகுதியை வெளியிட்டது மு. நித்தியானந்தனின் சிறிய 'வைகறை' பதிப்பகம். அடுத்த ஆண்டே என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற தொகுதியும் அங்கிருந்து வந்தது. 1997இல் வணிகர் துரை விஸ்வநாதன் தம் 'துரைவி' பதிப்பகத்தின் வழியே மலையகச் சிறுகதைகளைத் திரட்டி வெளியிட்டார். அவற்றைத் தேடித் தொகுத்துக் கொடுத்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் பெற்ற உதவியை அடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்!

கடல் கடந்தும் கதை இதுதான். அமெரிக்காவில் லவ்கிராஃப்ட் என்றொரு திகில் எழுத்தாளர் இருந்தார். மலிவுப் பத்திரிகைகளில் எழுதி, ஆயிரக்கணக்கில் நண்பர்களுக்குக் கடிதம் போட்டு, வறுமையில் 1937இல் இறந்தார். பிற இனத்தாரை வெறுத்த குறையும் அவரிடம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய கதைகளைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்கவில்லை. கடிதத்தால் நண்பர்களான இருவர் 1939இல் தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கி, ஆயிரத்து இருநூறுக்குச் சற்று அதிகமான பிரதிகள் அச்சிட்டார்கள். விற்று முடிய ஆண்டுகள் ஆயின. இன்று அவரை அறியாத திகில் வாசகர் உலகில் இல்லை. பதுளையானாலும் அமெரிக்காவானாலும், அச்சகத்துக்குக் காசு கட்டும் நண்பன் ஒருவன் இருந்தால்தான் கதை பிழைக்கிறது.

கையில் சுமந்து விற்றவர்கள்

எங்கள் மலைகளில் இதற்கு இன்னும் பழைய வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் பாட்டுக்காரர்கள் நாலைந்து தாளில் பாட்டுப் புத்தகம் அச்சடித்து, இரயிலிலும் சந்தையிலும் தோட்ட வாசலிலும் பாடிப் பாடி விற்பார்கள். கொலைச்சிந்தும் அதில் உண்டு. எங்கோ நடந்த கொலையைக் கண்ணீர் வரப் பாடுவார்கள். கேட்டவர்கள் இரண்டு சதம் மூன்று சதம் கொடுத்து வாங்குவார்கள். எழுதியவரே அச்சிட்டு, பாடி, விற்று, மிச்சத்தில் தேத்தண்ணி குடித்த காலம்! தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, மேடைகளில் தாமே பாடி, சிறு நூலாகவும் வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, பையில் சுமந்து நடந்தே விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். தமிழகத்தில் நம் தோப்பில் முஹம்மது மீரானை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசில் தொடராக வந்தது. 1988இல் நூலாக்க வேண்டியபோது அவரே வெளியிட வேண்டியிருந்தது. ஒன்பதாண்டுகளில், 1997இல், அவருக்கு 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்ய அகாதமி விருதே கிடைத்தது!

இலங்கையில் இன்றும் பெரும்பாலான எழுத்தாளர்களின் நிலை இதுதான். முந்நூறு, ஐந்நூறு பிரதி சொந்தக் காசில் அச்சிடுவார்கள். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா வைப்பார்கள். வசதி படைத்த ஒருவர் முதற்பிரதியை நல்ல தொகை கொடுத்து வாங்குவார். அதில் பாதி அச்சுக்கூலி அடைபடும். இப்படி முதற்பிரதி வாங்கியே புகழ்பெற்றவர் கொழும்பின் புரவலர் ஹாஷிம் உமர். 'புரவலர் புத்தகப் பூங்கா' என்ற அமைப்பின் மூலம், முதல் நூலை வெளியிட வழியில்லாத எழுத்தாளர்களுக்கும் அவர் கைகொடுத்தார். செல்வம் உள்ளவர்கள் செய்யக்கூடிய தர்மங்களில் இதுவும் ஒன்றல்லவா?

பெண்ணின் கொப்பி

"ஆண்கள் செய்வார்கள். அடுப்படியில் நிற்கும் நாம் எங்கே எழுதுவது?" என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

வங்காளத்தில் ரொக்கையா சகாவத் ஹுசைன் என்றொரு முஸ்லிம் பெண்மணி. 1880இல் பிறந்தவர். வீட்டில் பெண்ணுக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுமதி இல்லாததால், இரவில் அண்ணனிடம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தவர். கணவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில், பொழுது போக ஒரு விசித்திரக் கதை எழுதினார். பெண்கள் நாட்டை ஆள, ஆண்கள் வீட்டுக்குள் திரைக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஊரைப் பற்றிய கனவு அது. சூரிய ஒளியால் சமைப்பதும் அதில் வருகிறது. 'சுல்தானாவின் கனவு' என்ற அந்தக் கதை 1905இல் முதலில் அச்சேறியது எங்கே தெரியுமா? நம் சென்னையில், ஒரு பெண்கள் பத்திரிகையில்! அவர் பின்னால் பெண்களுக்குப் பள்ளிக்கூடமே நடத்தினார்.

எங்கள் மலைநாட்டிலும் நயீமா சித்தீக், புசல்லாவ இஸ்மாலிகா போன்ற முஸ்லிம் பெண்கள் பேனை பிடித்தார்கள். வழி முன்பே வெட்டியிருக்கிறது. நாம் நடக்க வேண்டியதுதான்.

நான் இஷாவுக்குப் பிறகு எழுதுகிறேன். வீடு அடங்கிய பின் அடுப்படி மேசையில் ஒரு மணி நேரம். இருபத்தைந்து கதைகள் சேர்ந்துவிட்டன. எழுதும்போது சில விஷயங்களைக் கண்டுகொண்டேன். உங்களில் யாருக்காவது பயன்படலாம் என்று சொல்கிறேன்.

கதை கேட்டால், சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் கேட்டோம் என்று கொப்பியின் மேலேயே குறித்து வையுங்கள். அவர்கள் பேசிய பேச்சை மாற்றாதீர்கள். 'பெரட்டுக்களம்' என்றால் அப்படியே எழுதுங்கள். பேயின் உருவத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், அது யாராக இருந்தது என்று கேளுங்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன், கதை சொன்னவரிடமே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அது அவர்களுடைய வீட்டுத் துக்கம். நாம் அமானிதமாக வாங்கி வைத்திருக்கிறோம்.

ஒரு பேர் கிடைத்தது

இந்தக் கடைசிப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது எப்படி என்று சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளைக்காம்பராக் கதையை ஒருநாள் எங்கள் வீட்டில் பத்துப் பெண்களுக்கு வாசித்தேன். நம் பெண்கள் ஆறு பேர். தோட்டத்திலிருந்து நாலு பேர். வெளியே மழை. மின்சாரமும் போய்விட்டது, மெழுகுவர்த்தி ஏற்றி வாசித்தேன். "எத்தனை மணி ஆச்சு?" என்ற இடம் வந்ததும், மூலையில் இருந்த ஒரு நடுவயதுப் பெண் விம்மி அழத் தொடங்கினாள். நான் நிறுத்திவிட்டேன். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"பயமில்ல அக்கா," என்றாள். "அது எங்க பெரியம்மா. எங்க அம்மா சாகுறப்ப சொல்லிச்சு. ஊருல பேயின்னு சொல்றாங்களேன்னு நாங்க யாருகிட்டயும் சொல்லல்ல."

பிறகு மெதுவாக அந்தப் பேரைச் சொன்னாள். குழந்தையின் பேரையும் சொன்னாள். பத்துப் பெண்களும் அந்த இரண்டு பேரையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். எங்கள் மாமி வாய்க்குள் ஏதோ துஆ செய்தார்.

அந்தப் பேர்களை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. ஆனால் கொப்பியின் முதல் பக்கத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், புத்தகம் அச்சாகும் நாளில் அந்தக் குடும்பம் சம்மதித்தால் அங்கேயும் இருக்கும். முதற்பிரதி யாருக்கு என்றும் முடிவு செய்துவிட்டேன்; அதற்கு விலை இல்லை.

அதன் பிறகு அந்த நடுவயதுப் பெண் வாரம் ஒருமுறை கடைக்கு வரும்போது, "அக்கா, இன்னொரு கதை இருக்கு, எழுதுறீங்களா?" என்று கேட்கிறாள். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வருகிறேன்.